கண்ணாடிக் கடைக்கு மேலே ஜப்பான்

11 ஜனவரி

அன்புள்ள நெட்டைக்கு,

உன் நலம், உன் இடுப்பு வலியின் நலம் இரண்டையும் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் விஷயம். நான் ஜப்பானுக்கு வருகிறேன்டி.

நேற்று மதியம் இயக்குநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டால் பெரும்பாலும் ஜெராக்ஸ் இயந்திரம் மக்கர் செய்கிறது என்று அர்த்தம். போனால், எழுந்து நின்று இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினார். வெளிநாடுகளில் உள்ள ஜப்பானியப் பண்பாட்டு மையங்களில் நெடுநாளாக வேலை செய்யும் மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி. இலையுதிர் காலத்தில், இரண்டு மாதம். உங்கள் தலைமையகம் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒழுங்காக நன்றி சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்து விட்டேன். வெளியே வந்தால் காவலாளி, "டீச்சர், தொட்டியில தண்ணி தீந்துடும்"ங்கிறார்.

அப்பா படுக்கையில் விழுந்த வருடம் என் இடத்தில் நீ தலைமையக வேலைக்குப் போனாய். அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. நினைத்திருந்தால் உனக்குத் தபால் செலவு மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன். ரயில் நிலையத்தில் வழி கேட்பது எப்படி என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். நான் அந்த மொழியில் ஒருவரிடமும் வழி கேட்டது கிடையாது. பிள்ளைகள், "டீச்சர், அங்க பனி எப்படி இருக்கும்?" என்பார்கள். நான் வகுப்பறையில் தொங்குகிற காலண்டரைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவேன். அப்பாவும் போய்விட்டார். இனி வீட்டில் எனக்காகக் காத்திருக்கிறவர் யாரும் இல்லை என்பது முதல் தடவையாக வசதியாக இருக்கிறது. இப்படி எழுதியதற்குத் திட்டாதே.

மையம் எப்போதும் போலத்தான். கீழே கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கும்போது மேலே இலக்கணம் நடத்த முடியாது. வகுப்பு முழுவதற்கும் பல் கூசும். சினிமா மாலைக்குக் கூட்டம் வருகிறது. வெயில் காலத்தில் இன்னும் அதிகமாக வருகிறது. ஏசிக்காக வருகிறார்கள். போன வாரப் படத்தில் கதாநாயகி ஒன்றும் பேசாமல் நெடுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காவது வரிசையிலிருந்து ஒருவர் குறட்டை விட்டார். நாங்கள் அதைப் பின்னணி இசை என்று வைத்துக்கொண்டோம்.

உன் ஊரில் எனக்கு ஒரு பாய் போட இடம் இருக்கிறதா? இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

உன்
குள்ளி


2 பிப்ரவரி

என் அன்புக் குள்ளி,

பாயா? சன்னலோரத்து அறையைக் காலி செய்துவிட்டேன். புத்தகங்களையும் உடைந்த விசிறியையும் அப்புறப்படுத்தியாயிற்று. சன்னலுக்கு வெளியே ஒரு சுவரும் அதன்மேல் ஒரு பூனையும்தான் தெரியும். பெரிய காட்சிகளை எதிர்பார்த்து வராதே. கையுறை இங்கே வாங்கிக்கொள்ளலாம். நல்ல செருப்பு மட்டும் கொண்டு வா. உன் காலளவில் இங்கே சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும்.

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். குறட்டைக்காரரிடம் வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். இந்த ஊரில் அது பெரிய கண்டனம்.

அலுவலகத்தில் வேலை நெருக்குகிறது. எங்கள் பிரிவு ஒரே கூடம். மேசைகள் ஒன்றையொன்று பார்த்தபடி ஒட்டிக் கிடக்கும். கடைசியில் சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரிவுத் தலைவர். அவர் இருமினால் யாருடைய வேலையோ தாமதம் என்று அர்த்தம். யாருடையது என்பதை நாங்களே புரிந்துகொள்ள வேண்டும். இந்த வருடம் வெளிநாட்டு மையங்களை எல்லாம் மதிப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மையமும் பக்கத்து நாட்டு மையமும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இயக்குநர்கள் அனுப்பும் அறிக்கையைப் படித்தால், உலகத்தில் பாதிப் பேர் பூ அடுக்குகிறார்கள், மீதிப் பேர் காகிதத்தில் கொக்கு மடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அதனால் நீ எழுது. மையத்தில் உண்மையில் என்ன நடக்கிறது, யார் வருகிறார்கள், எது ஓடவில்லை, எல்லாம் எழுது. நல்லதை மட்டும் எழுதாதே. குறை தெரிந்தால்தானே நான் இங்கிருந்து கேட்டு வாங்கித் தர முடியும்?

இடுப்பு அப்படியே இருக்கிறது. அதற்கும் இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது போல.

உன்
நெட்டை


6 மார்ச்

அன்புள்ள நெட்டைக்கு,

உனக்கு உதவும் என்றாயே, அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இயக்குநருக்குத் தெரிந்தால் என்னைக் காகிதக் கொக்காக மடித்துவிடுவார்.

பூ அடுக்கும் வகுப்பின் ஆசிரியை கோபித்துக்கொண்டு போய் வெகுநாளாயிற்று. இப்போது நான்தான் புத்தகத்தைப் பார்த்து நடத்துகிறேன். பூவும் வாங்கித் தருவதில்லை. காவலாளி எதிர்த் தெரு மதில் மேல் சாயும் கிளைகளை ஒடித்து வருகிறார். தூரிகை எழுத்துப் போட்டி வைத்தோம். வந்தவர்களைவிடப் பரிசுகள் அதிகமாக இருந்தன. யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கூட்டுகிற அம்மாவுக்கும் கொடுத்தோம். அந்த அம்மா எழுதியதுதான் உண்மையிலேயே நன்றாக இருந்தது. தேநீர்ச் சடங்கு செய்து காட்டியபோது, அந்த மௌனம் தாங்காமல் ஒருவர் எழுந்து போய் வெளியே டீ குடித்துவிட்டு வந்தார். நூலகத்தில் படக்கதைப் புத்தகங்கள் கிழிகிற அளவுக்குப் போகின்றன. மற்ற அலமாரிகளை நான் தூசு தட்டும்போதுதான் திறக்கிறேன். எங்களுக்குப் புதுப் பாடநூல் வேண்டும். இடைநிலை வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அடிப்படை வகுப்பை முடித்தவர்களுக்கு அடுத்துப் போக இடமில்லை. அதை மட்டும் எப்படியாவது வாங்கிக் கொடு.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஒரு டிரைவர் ஐயா இருக்கிறார். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் அங்கே ஒரு ஜப்பானியரைக் கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறாள். பேத்திக்கு ஆறு வயது. தமிழ் ஒரு சொல் வராது. மருமகன் வீட்டில் அதற்கு வழியில்லை போல. மனுஷர் பேத்தியோடு பேசுவதற்காகவே அடிப்படை வகுப்பில் மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருக்கிறார். ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பென்சில் சரியாக நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளுக்குப் போன் போட்டு, பேத்தியிடம் இரண்டு வாக்கியம் சொல்லுவார். "சாப்பிட்டாயா? அங்கே மழையா?" அவ்வளவுதான் வரும். போன வாரம் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றார்.

"டீச்சர், அவ என்கிட்ட கேள்வி கேட்டா. எனக்குக் கேள்வின்னு புரிஞ்சுது. என்ன கேள்வின்னு புரியல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். அடுத்த வகுப்பு இருந்தால் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவார்.

கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்து வியர்த்து வழிந்தேன்.

உன்
குள்ளி


20 ஏப்ரல்

அன்புள்ள குள்ளி,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கூட்டத்துக்கு மேல் கூட்டம். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவும் தெம்பில்லை.

பயிற்சி விஷயமாக இப்போதைக்கு எதுவும் வாங்கி வைக்காதே. தேதி கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்று பேச்சு. உறுதியாக ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் இங்கிருந்து ஓர் அதிகாரி உங்கள் மையத்துக்கு வருவார். சின்னப் பையன்தான், மரியாதையானவன். அவனிடம் இயல்பாகப் பேசு.

டிரைவர் ஐயாவைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

நெட்டை


29 மே

நெட்டை,

அந்த அதிகாரி வந்து போனார். நீ சொன்னபடி மரியாதையானவர். சாம்பல் நிறக் கோட்டு; இந்த வெயிலிலும் கழற்றவில்லை. வாசலில் கூட்டுகிற அம்மாவுக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். பிறகு இயக்குநர் அறையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்துக்கொண்டு மையத்தை மூடப்போவதாகச் சொன்னார். மூடுகிறோம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. வடிவத்தை மாற்றுகிறோம் என்றார். இனி வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஹோட்டலில் ஒரு விழா நடக்குமாம். இந்தப் பகுதிக்கு ஒரு மையம் போதும் என்று முடிவாகியிருக்கிறதாம். அது பக்கத்து நாட்டில் இருக்குமாம்.

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இன்னும் ஆறு மாதத்தில் வேறு நாடு. நான்தான் பேசினேன். எனக்கே தெரியாது, அந்த மொழி எனக்கு அவ்வளவு வேகமாக வரும் என்று. வகுப்புகளைப் பற்றிச் சொன்னேன். சினிமா மாலைக்கு நாற்காலி போதாமல் தரையில் உட்காருகிறார்கள் என்றேன்.

அதிகாரி சிரித்தார். நல்ல சிரிப்புதான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"ஏசிக்காக வர்றவங்களைக் கழிச்சா எத்தனை பேர் வர்றாங்க?" என்று கேட்டார். "குறட்டை விட்டவர் இன்னும் வர்றாரா?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நானும் கூடச் சிரித்தேன். என் நகைச்சுவைதானே. பிறகு அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். பரிசைவிட ஆள் குறைவாக வந்த போட்டி, தேநீர்ச் சடங்கின் நடுவில் டீ குடிக்கப் போனவர், மதில் மேல் ஒடித்த கிளை. எல்லாவற்றையும் தலைமையகத்தில் எல்லோரும் அறிந்த செய்தி போலச் சொன்னார். இயக்குநர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தச் செய்திகள் அவருடைய அறிக்கையில் இல்லை. அவற்றை நான் இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் சொன்னேன்.

கடைசியில் பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது; கேட்டுவிட்டேன். அது மையங்களின் ஆசிரியர்களுக்கான பயிற்சி, மையம் இல்லாத ஆசிரியர்களுக்கு விதியில் இடமில்லை என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து அடிப்படை வகுப்பை நடத்தினேன். எதிர்காலத்தைச் சொல்ல அந்த மொழியில் தனி வினைவடிவம் இல்லை, நிகழ்காலத்தையே வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

இரண்டு கேள்விதான். நீயாகக் கொடுத்தாயா, அல்லது உன்னிடமிருந்து யாராவது எடுத்துக்கொண்டார்களா? இன்னொன்று, நீ எழுதியதில் டிரைவர் ஐயா இருக்கிறாரா?

குள்ளி


14 ஜூன்

என் அன்புக் குள்ளி,

இந்தக் கடிதத்தை நாலைந்து தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

நான்தான் எழுதினேன். யாரும் எடுக்கவில்லை. ஆனால் எப்படி என்று கேட்டுவிட்டுத் திட்டு. இரண்டு மையத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. எதை என்பதுதான் என் மேசைக்கு வந்தது. உன்னிடம் கேட்டபோதே எனக்கு அது தெரியும். நீ எழுதுவதில் ஏதாவது ஒன்று அவர்களை அசைக்கும், அதை வைத்து உன் மையத்தைக் காப்பாற்றலாம் என்றுதான் கேட்டேன். நம்பினால் நம்பு. ஆனால் பிரிவுத் தலைவருக்கு நீ என் தோழி என்று தெரியும். அறிக்கை கொடுப்பதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு அந்த ஊர் மேல பாசம் இருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இங்கே அதற்கு மேல் சொல்லவும் மாட்டார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் இந்தக் கூடத்தில் நான் வெளியூர்க்காரிதான். பாசம் இல்லை என்று காட்டவேண்டியிருந்தது. உன் வரிகள் கையில் இருந்தன. உயிரோட்டமாக இருந்தன. கூட்டத்தில் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை, குள்ளி. நீ எழுதியதுதான்.

டிரைவர் ஐயாவை எழுதியிருந்தேன். முதல் வரைவில் இருந்தார், ஒரு முழுப் பத்தி. பிறகு ஓர் ஆள் கணக்கில் சேராது என்று நானே எடுத்துவிட்டேன்.

நடந்தது நடந்துவிட்டது. இப்போது நான் சொல்வதைக் கேள். பயிற்சி போனால் போகட்டும், என் விருந்தாளியாக வா. டிக்கெட் என் பொறுப்பு. அந்த அறை அப்படியே இருக்கிறது. நீ வழி கேட்க வேண்டிய ரயில் நிலையம் எல்லாவற்றுக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் பின்னால் தள்ளி நிற்கிறேன், நீயே கேள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. வேறு எப்படி இதைச் சரி செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திட்டியாவது எழுது.

உன்
நெட்டை


3 செப்டம்பர்

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிருந்த மையம் கடந்த வாரம் மூடப்பட்டது. இயக்குநர் அவர்கள் முன்னதாகவே புறப்பட்டுவிட்டதால், ஒப்படைப்பு விவரங்களைத் தலைமையகத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டுச் சென்றார். ஜப்பானிய மொழியில் எழுதுவதே முறை. தாங்கள் தமிழ் அறிந்தவர் என்பதால் இந்தச் சலுகையை எடுத்துக்கொள்கிறேன்.

நூலகத்தின் புத்தகங்கள் அருகிலுள்ள பள்ளி ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டன. அங்கே அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் இல்லை. அலமாரிகள் நன்றாக இருப்பதாகத் தலைமை ஆசிரியர் மகிழ்ந்தார். பூச்சாடிகளைக் கூட்டுகிற அம்மா எடுத்துக்கொண்டார். சினிமாத் திரையும் ஏசியும் ஏலத்துக்குப் போயின. சாவியைக் கட்டட உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அந்த இடத்தைக் கீழேயுள்ள கண்ணாடிக் கடைக்காரரே கிடங்காக எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் பில் போடும் வேலையில் நானும் சேர்ந்திருக்கிறேன். தினமும் பழைய படிக்கட்டு வழியாகவே மேலே போய் இருப்பைப் பார்த்து வருகிறேன். ஆதலால் என் வாழ்க்கை முறையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்பதைத் தலைமையகத்துக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாணவர்களில் பெரும்பாலோர் விடைபெற்றுக்கொண்டனர். ஒருவர் மட்டும் சென்ற ஞாயிறு மாலை என் வீடு தேடி வந்தார். ஓய்வு பெற்ற லாரி டிரைவர், தாங்கள் அறிவீர்கள். பேத்தி தொலைபேசியில் சொன்ன ஒரு வாக்கியத்தைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எழுத்து கோணலாக இருந்தாலும் ஓசை சரியாக இருந்தது. தாத்தா என்ற சொல்லும் பேச்சு என்ற சொல்லும் அவருக்கே புரிந்துவிட்டன. கடைசிச் சொல்தான் புரியவில்லை.

"எங்க பாடத்துல இது வரலையே டீச்சர். நல்ல வார்த்தைதானே?"

அந்தச் சொல்லுக்கு 'சலிப்பாக இருக்கிறது' என்று பொருள். குழந்தையைக் குறை சொல்ல முடியாது. வாரா வாரம் சாப்பாட்டையும் மழையையும் தவிர அவர் வேறு எதையும் கேட்டதில்லை. அதற்கு மேல் அவருக்கு நான் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க வகுப்பும் இல்லை.

தாத்தா பேசுவது இனிமையாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு திரும்ப எடுத்து, "அப்ப நானும் அவகிட்ட இதையே சொல்லலாமா?" என்று கேட்டார். பெரியவர்கள் சின்னவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை என்று சமாளித்து, உண்மையிலேயே இனிமை என்று பொருள்படும் வேறொரு சொல்லை அதே காகிதத்தின் கீழே எழுதிக் கொடுத்தேன். வாசல் படியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வந்து படிக்கலாமா என்று கேட்டார். சொந்தமாக நாற்காலி கொண்டு வருவதாகவும் சொன்னார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். தொடர்ந்து படித்தால் ஒருநாள் பேத்தி சொன்ன அந்தச் சொல்லின் பொருள் அவருக்கே தெரிந்துவிடும். கண்ணாடிக் கடையில் வேலை அதிகம் என்று காரணம் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. போகும்போது, இதுவரை படித்ததே போதும், பேத்திக்குப் பிடித்திருக்கிறதே என்று என்னைச் சமாதானப்படுத்திவிட்டுப் போனார்.

தங்கள் இல்லத்துக்கு வருமாறு தாங்கள் அன்புடன் அனுப்பிய அழைப்பு கிடைத்தது. மிக்க நன்றி. ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன். கம்பளிச் சட்டையைத் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

மையம் தொடர்பாகத் தெரிவிக்க வேண்டியவை இத்துடன் முடிகின்றன. மேற்கொண்டு கடிதப் போக்குவரத்துக்கு அவசியம் இல்லை என்று கருதுகிறேன். தாங்கள் இடுப்பு வலிக்கு நல்ல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் ஆசிரியை